பந்தி விடுகிற வாசலில் போட்டோ பூத்: குமரி மாவட்டத்துக் கல்யாண வீட்டுக்காரர்களுக்கு

என் தங்கை கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்த போட்டோ பூத்தை மணமேடைக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொன்னது நான்தான். வந்தவர்கள் நின்று படம் எடுத்து, அச்சைக் கையோடு வாங்கிப் போகிற ஏற்பாடு அது. தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம். எல்லாரும் மேடைக்குத்தானே வருவார்கள் என்று கணக்குப் போட்டேன். ஒன்றரை மணி நேரத்தில் பதினொரு படம்தான் ஓடியது. அதிலும் நான்கு, பூத்துக்காரப் பையன் கூப்பிட்டு நிறுத்திய பொடியன்களுடையது. மேடைக்கு வருகிறவர்களுக்குச் சுருள், அதாவது மொய், கொடுக்க வேண்டும், மணமக்களோடு நின்று ஒரு படம் எடுக்க வேண்டும், அடுத்த பந்திக்கு இடம் பிடிக்க வேண்டும். இதற்கு நடுவில் அட்டை மீசையைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்ட யாருக்கு நேரம்?

பார்த்துக்கொண்டிருந்த பந்தல்காரர் சொன்னார்: "தம்பி, இத அந்தக் கை கழுவுக இடத்துக்கு அந்தப் பக்கம் கொண்டு போடுங்க. தின்னுட்டு வாறவன்தான் நிப்பான்."

மாற்றினோம். அப்புறம் மூன்று மணி வரை வரிசை குறையவே இல்லை.

அதன்பிறகு சொந்தத்திலும் ஊரிலுமாக ஏழெட்டு விசேஷங்களுக்குப் பூத் பேசி முடித்திருக்கிறேன். இரண்டு தடவை வாடகைக்கு எடுக்காமல் நாங்களே அமைத்தும் பார்த்தோம். முதன்முதலாக வைக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இயந்திரம், விளக்கு பற்றியெல்லாம் கீழே வரும். ஆனால் எந்த இடத்தில், எந்த நேரத்தில் வைக்கிறீர்கள் என்பது சரியாக இருந்தால் மற்றதில் கொஞ்சம் கோளாறு இருந்தாலும் தப்பித்துக்கொள்ளலாம்.

எந்த வகை வேண்டும்?

பூத் என்று கேட்டால் இன்று நான்கைந்து சாமான்களைக் காட்டுவார்கள். வெறும் சட்டமும் பூவும் வைத்து, வந்தவர்கள் தங்கள் போனிலேயே எடுத்துக்கொள்வது செல்ஃபி பாயிண்ட். அதற்கு ஆளும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். அடுத்தது கேமரா, விளக்கு, திரை, பிரிண்டர் எல்லாம் சேர்ந்த பூத். படம் எடுத்த கையோடு அச்சு கையில் வரும். கண்ணாடி போல ஆளுயரத்துக்கு நிற்கிற மிரர் பூத்தும் வேலையில் இதேதான், உடைதான் வேறு. கடைசியாக 360 பூத். வட்டப் பலகையில் நாம் நிற்க, ஒரு கை நம்மைச் சுற்றி வந்து மெதுவோட்ட வீடியோ எடுக்கும்.

பகல் கல்யாணத்துக்கு 360 பூத் எடுப்பதை நான் ஆதரிப்பதில்லை. சுற்றுகிற கைக்கு மட்டுமே பத்தடி வட்டம் காலியாக இருக்க வேண்டும். சேலை முந்தானை, ஓடி வருகிற குழந்தை, இரண்டுக்கும் அது ஆபத்து. கையில் கொண்டுபோக ஒன்றும் கிடைக்காது, வீடியோ போனுக்கு வந்தால்தான் உண்டு. ராத்திரி ரிசப்ஷனில் காலேஜ் கூட்டம் நிறைய இருந்தால் எடுங்கள். எடுத்தால் சுற்றிலும் கயிறு கட்டி, ரிமோட்டைப் பெரியவர் ஒருவர் கையில் மட்டும் கொடுங்கள்.

வீட்டு மாடியில் ஐம்பது பேர் கூடுகிற பிறந்தநாள் என்றால் ஆளையே கூப்பிட வேண்டியதில்லை. கேனான் கம்பெனியின் 'செல்ஃபி' (Selphy) மாதிரி சின்ன பிரிண்டர் ஒன்று, ஒரு ரிங் லைட், ஒரு போன் போதும். அதன் சிபி1500 மாடலில் ஒரு போஸ்ட்கார்டு அளவுப் படம் வெளியே வர முக்கால் நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். 108 தாளும் அதற்கான மையும் ஒரே பொட்டலமாகக் கிடைக்கும். இன்ஸ்டாக்ஸ் கேமராவும் அழகுதான், ஆனால் ஒரு பொதியில் பத்துப் படம்தான். பொடியன்கள் கையில் அகப்பட்டால் பத்தும் விட்டத்தையும் தரையையும் எடுத்தே தீர்ந்துவிடும்.

இனி எழுதுவதெல்லாம் அச்சு தருகிற பூத்தைப் பற்றித்தான்.

முதலில் ஒரு கணக்கு

பூத்துக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு தாளில் இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு குடும்பம் திரைக்கு முன்னால் வந்து, அட்டையோ தொப்பியோ தேடி எடுத்து, மூன்று படத்துக்கு நின்று, அச்சை வாங்கிக்கொண்டு நகர ஒன்றேகால் நிமிடம் ஆகிறது. நான் கடிகாரம் வைத்தே பார்த்திருக்கிறேன். அப்படியென்றால் மணிக்கு 45 முதல் 50 குழு. முதல் பந்தி முடியும் 11.30 மணியிலிருந்து 3 மணி வரை ஓட்டினால் 150 குழுவுக்கு மேல் வரும். குழுவுக்கு மூன்று நான்கு பேர் என்று வைத்தால் ஐந்நூறு பேருக்கு மேல். ஆயிரம் பேரை அழைத்திருந்தால் பாதிப் பேருக்குத்தான் ஒரு பூத் ஈடுகொடுக்கும். மீதிப் பாதி வரிசையைப் பார்த்துவிட்டே போய்விடும். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, ஆனால் எல்லாருக்கும் கிடைக்கும் என்று மாமாவிடம் முன்கூட்டியே சொல்லி வைக்காதீர்கள்.

1925-ல் நியூயார்க் பிராட்வேயில் அனடோல் ஜோசஃபோ என்கிறவர் தானியங்கிப் போட்டோ கடையைத் திறந்தபோது 25 சென்ட்டுக்கு எட்டுப் படம் கொடுத்தார். படம் வெளியே வர எட்டு நிமிடம் போல ஆகும், ஜனங்கள் வரிசையில் நின்று காத்திருந்தார்கள். நம்மூரில் அந்தப் பொறுமையை எதிர்பார்க்காதீர்கள். சாப்பிட்டு வருகிறவர் ஒரு கையில் வண்டிச் சாவியோடுதான் வருகிறார். ஊரிலிருந்து வேன் பிடித்து வந்தவர்களுக்கு டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார். ஆகவே பிரிண்டரின் வேகம் முக்கியம்.

பூத்துக்காரர்கள் பெரும்பாலும் வைத்திருப்பது டை சப்ளிமேஷன் பிரிண்டர். சூட்டில் சாயத்தை ஆவியாக்கித் தாளில் ஏற்றுகிற வகை. மஞ்சள், மெஜந்தா, சயான், கடைசியில் மேலே ஒரு காப்புப் பூச்சு என்று நான்கு தடவை தாள் உள்ளே போய் வெளியே வரும். குழந்தைகள் அதைப் பார்க்கவே அங்கே நிற்கும். டிஎன்பி, ஹைடி போன்ற கம்பெனிகளின் வேகமான மாடல்களில் நான்குக்கு ஆறு அங்குலப் படம் 12 விநாடி அளவில் வந்துவிடும். இங்க் டேங்க் பிரிண்டரில் படம் எவ்வளவு நன்றாக வந்தாலும் இந்த வேலைக்கு வேண்டாம். நம் வரிசையில் நிற்பவர்கள் இப்போதுதான் கை கழுவிவிட்டு வந்தவர்கள். ஈர விரல் பட்டால் மை கரையும். டை சப்ளிமேஷன் படம் அந்தப் பூச்சினால் தப்பிக்கும்.

போனில் என்ன கேட்க வேண்டும்

சித்திரை, வைகாசி, ஆவணி, தை மாத முகூர்த்த நாட்களிலும், தவக்காலம் முடிந்த உடனேயும் எல்லாப் பூத்தும் எங்காவது போயிருக்கும். மண்டபம் உறுதியானதுமே பேசிவிடுங்கள். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் ஆள் உண்டு, திருவனந்தபுரத்திலிருந்தும் வருவார்கள். தூரத்திலிருந்து வருகிறவரிடம் வண்டிக்கூலி தொகைக்குள்ளா வெளியிலா என்று முதலிலேயே கேளுங்கள். முகூர்த்த நாளில் மார்த்தாண்டத்தையும் தக்கலையையும் தாண்டி வருவது எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். தாலி கட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே மண்டபத்தில் இருக்கச் சொல்லுங்கள்.

எல்லா விளம்பரத்திலும் 'அன்லிமிடெட் பிரிண்ட்' என்று இருக்கும். போன வருடம் நான் பேசிய பேச்சு இப்படிப் போனது:

"அண்ணே, அன்லிமிடெட்டுன்னா ஆளுக்கு ஒண்ணு குடுப்பியளா?"

"இல்ல சார், ஒரு குரூப்புக்கு ஒரு காப்பி. எத்தன குரூப் வேணும்னாலும் வரலாம்."

"ஆறு பேர் நின்னா?"

"அப்பமும் ஒண்ணுதான் சார். வேற வேணும்னா அதுக்குத் தனி."

அவர் ஏமாற்றவில்லை, வார்த்தை அப்படி. ஆனால் ஆறு பேர் நின்ற படத்தில் ஒரே ஒரு தாள் கிடைத்தால் மைனிக்கும் நாத்தனாருக்கும் நடுவில் அது யாரிடம் போகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இதற்கு ஒரு வழி இருக்கிறது. நான்குக்கு ஆறு தாளை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, இரண்டங்குல அகலப் பட்டையாகத் தரச் சொல்லுங்கள். பல பிரிண்டர்கள் தாமாகவே வெட்டிவிடும். ஒரே தாளில், ஒரே 12 விநாடியில் இரண்டு பிரதி. ஆளுக்கு ஒன்று அச்சடிக்கச் சொன்னால் காசு கூடுவது மட்டுமல்ல, வரிசையும் நின்றுவிடும்.

இன்னும் கேட்க வேண்டியவை: எத்தனை மணி நேரம், அந்த மணி எப்போது தொடங்கும். பூத்தைப் பொருத்துகிற நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுகிறவர்கள் உண்டு. முதல் பந்தி முடிகிற நேரத்திலிருந்து எண்ணச் சொல்லுங்கள். எத்தனை ஆள் வருவார்கள் என்று கேளுங்கள். இரண்டு பேர் வேண்டும், ஒருவர் கம்ப்யூட்டரில், ஒருவர் வரிசையில். தனி ஆளாக வருகிறவர் சாப்பிடப் போனால் பூத் மூடியிருக்கும். தாள் ரோல் எத்தனை கொண்டுவருவார்கள், இடையில் பிரிண்டர் மக்கர் செய்தால் மாற்று உண்டா, படங்களின் மூலக் கோப்பு நமக்குக் கிடைக்குமா என்பதையும் கேளுங்கள். ரசீது போட்டு ஜிஎஸ்டி வாங்குகிறவர் என்றால் சொல்லும் தொகை 18 சதவீத வரி சேர்த்தா சேர்க்காமலா என்பதும் ஒரு கேள்வி. பேசி முடித்ததை வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியாக எழுதி அனுப்பி, 'சரி' என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். பத்திரமெல்லாம் வேண்டாம், இது போதும்.

இடம்

மண்டபத்துக்கு முந்தைய வாரமே ஒரு நடை போய் வாருங்கள். கையில் அளவு நாடா இருக்கட்டும்.

மேடையிலிருந்து பந்திக்குப் போகிற வழி, பந்தியிலிருந்து வெளியே வருகிற வழி என்று இரண்டு உண்டு. போகிற வழியில் வைக்காதீர்கள். பசியோடு இருக்கிறவன் நிற்க மாட்டான், நின்றாலும் பந்திக்காரர்கள் கத்துவார்கள். வருகிற வழியில், கை கழுவும் குழாய்க்குப் பத்துப் பதினைந்து அடி தள்ளி வையுங்கள். அதைவிடக் கிட்டே போனால் தரை ஈரம். வயரும் ஈரமும் சேரக் கூடாது, செருப்புச் சேறு திரை விரிப்பிலும் ஏறும். பாயசம் குடித்து, கை துடைத்து, வெற்றிலையோ பழமோ எடுத்துக்கொண்டு ஜனங்கள் ஒரு நிமிடம் சும்மா நிற்கிற ஒரு இடம் எல்லா மண்டபத்திலும் இருக்கும். அதைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

பூத்துக்கு மட்டும் பத்தடிக்குப் பத்தடி வேண்டும். வரிசை நிற்க அதற்கு வெளியே ஆறடி. திரை, ஜன்னலுக்கோ வெயில் விழுகிற வாசலுக்கோ முன்னால் வந்துவிடக் கூடாது. பின்னால் வெளிச்சம் இருந்தால் முகம் கறுத்துப் போகும். மாடி ஹால் என்றால் பிரிண்டரைத் தூக்கி ஏற்ற ஆள் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பிரிண்டர் 14 கிலோ வரை இருக்கும்.

கரண்ட்

இதில் எனக்கு ஒரு சூடு பட்ட அனுபவம். குழித்துறைப் பக்கம் ஒரு கல்யாணம். எல்லாம் சரியாக வைத்தோம். இரண்டாம் பந்தி நடக்கும்போது கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடியது, மின்விசிறி சுற்றியது, மேடை விளக்கு எரிந்தது. எங்கள் பிளக்கில் மட்டும் ஒன்றுமில்லை. அந்தச் சுவரில் இருந்த பிளக் எதுவும் ஜெனரேட்டர் லைனில் இல்லையாம். மண்டபத்து எலக்ட்ரீஷியனைக் கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. எலக்ட்ரீஷியன் வேறெங்கோ நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாற்பது நிமிடம் போனது, கூட்டமும் போனது.

எனவே 'இந்த பிளக் ஜெனரேட்டரில் ஓடுமா?' என்பதுதான் மண்டபத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி. அடுத்தது, அதே லைனில் ஐஸ்கிரீம் பெட்டியோ மைக் செட்டோ இருக்கிறதா என்பது. கரண்ட் மாறுகிற அந்தச் சில விநாடியில் பிரிண்டர் பாதித் தாளோடு நின்றுவிட்டால் அந்தத் தாளும் மைப் பட்டையும் வீண், திறந்து சரிசெய்ய ஐந்து நிமிடம் வேறு. ஒரு யுபிஎஸ் இருந்தால் பிழைக்கலாம். ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வைக்கிற சின்ன 600 விஏ யுபிஎஸ்ஸில் பெரிய பிரிண்டரை மாட்டினால், அச்சடிக்கச் சூடாகும் நேரத்தில் சுமை தாங்காமல் 'பீப்' அடித்து அணைந்துவிடும். பெரிய யுபிஎஸ்ஸாகக் கேளுங்கள்.

வயர் எல்லாம் சுவரோரமாக வரட்டும். நடைபாதையைத் தாண்ட வேண்டியிருந்தால் மேலே அகலமான டேப் ஒட்டி, அதன்மேல் ஒரு மிதியடி போடுங்கள். பட்டுச் சேலையும் ஹீல்ஸும் போட்டவர்கள் கீழே பார்த்து நடக்க மாட்டார்கள்.

திரை, கேமரா, விளக்கு

திரைக்கு ஃப்ளெக்ஸ் பேனர் வேண்டாம். ஃப்ளாஷ் அடித்ததும் நடுவில் வெள்ளைத் திட்டு விழும். பளபளக்காத துணி போதும். அதற்கு மேல் அலங்காரம் உங்கள் இஷ்டம். தோவாளையிலிருந்து அதிகாலையில் பூ எடுத்து வந்து கேந்திப்பூச் சரமாகத் தொங்கவிட்டால் அள்ளிக்கொண்டு போகும். பிச்சிப்பூ வேண்டாம், பதினொரு மணிக்கே வாடிவிடும். ஒரு வீட்டில் குருத்தோலைத் தோரணமும் இரண்டு பனையோலைப் பெட்டியும் மட்டும் வைத்தார்கள். நான் பார்த்ததில் நன்றாக அமைந்தது அதுதான்.

நீங்களே அமைப்பதாக இருந்தால் இந்த அளவை வைத்துக்கொள்ளுங்கள். எட்டடி அகலத் துணி. அதற்கு ஒன்றரை அடி முன்னால் தரையில் ஒரு டேப் ஒட்டுங்கள், ஜனங்கள் அதில்தான் நிற்க வேண்டும். டேப்பிலிருந்து ஏழடியில் கேமரா. சாதாரண 18-55 லென்ஸை 24-ல் வைத்தால் படம் துணியின் விளிம்புக்குள் அடங்கும், ஐந்து பேர் நெருங்கி நிற்கலாம். கேமரா நெஞ்சுக்குச் சற்று மேலே, நாலரை அடி உயரத்தில் இருக்கட்டும். டேப் மேல் ஒருவரை நிறுத்தி ஃபோகஸ் பிடித்த பிறகு, லென்ஸை மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் குறுக்கே போகிற ஒவ்வொருவருக்கும் கேமரா ஃபோகஸைத் தேடும். ஐஎஸ்ஓ 400, அப்பெர்ச்சர் 7.1, ஷட்டர் 1/125 என்று தொடங்கி, ஃப்ளாஷின் அளவைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். பேட்டரிக்குப் பதில் நேராகக் கரண்டில் ஓட்டுகிற டம்மி பேட்டரி கிடைத்தால் வாங்கி மாட்டுங்கள்.

விளக்கு ஒன்று போதும், ஆனால் பெரிதாக இருக்க வேண்டும். குடையோ சாஃப்ட்பாக்ஸோ போட்டு, கேமராவுக்கு மேலே ஒன்றரை அடி ஏற்றி, கீழே பார்த்துச் சாய்த்து வையுங்கள். நேரே எதிரில் வைத்தால் மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கு இரண்டு கண்ணும் வெள்ளை வட்டமாகும். ரிங் லைட்டின் பெரிய குறை அதுதான்.

ஏசி காரில் வந்த கேமராவை நம்மூர்ப் புழுக்கத்தில் உடனே வெளியே எடுத்தால் லென்ஸில் பனி பிடிக்கும். பையை மூடியபடியே அரை மணி நேரம் மண்டபத்தில் வைத்திருந்துவிட்டுத் திறங்கள்.

கேமராவையும் பிரிண்டரையும் இணைக்கிற மென்பொருள்களில் டிஎஸ்எல்ஆர்பூத் பரவலானது. ஐபேடில் ஓட்டுகிறவர்கள் லூமாபூத் வைத்திருப்பார்கள். இரண்டிலும் படம் போனுக்குப் போக க்யூஆர் கோடு காட்டலாம், அதற்கு இணையம் வேண்டும். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர்த் தோட்டத்து நடுவில் உள்ள வீடுகளில் சிக்னலை நம்பாதீர்கள். அச்சு கையில் கிடைக்கட்டும், மற்றது அப்புறம் போகட்டும்.

பெயர் எழுதுகிற அட்டை

படத்துக்குக் கீழே மணமக்கள் பெயரும் தேதியும் வருகிற டிசைனை டெம்ப்ளேட் என்பார்கள். இதில் நடக்கிற தவறு வேறெதிலும் நடப்பதில்லை. காரணம் தமிழ். போட்டோஷாப்பில் எழுத்தமைப்புச் சரியாக வைக்கப்படாமல் யூனிகோட் தமிழை ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். பழைய எழுத்துருவில் அடித்ததை வேறு எழுத்துருவுக்கு மாற்றினால் முழுக்க ஜாங்கிரியாகும். சோதிக்கச் சுலபமான வழி, 'நாகர்கோவில்', 'தோவாளை' என்று இரண்டு சொல்லை அடித்து அனுப்பச் சொல்லுங்கள். 'கோ', 'தோ', 'ளை' மூன்றும் ஒழுங்காக வந்தால் மணமக்கள் பெயரும் ஒழுங்காக வரும்.

டிசைனை வாட்ஸ்அப்பில் பார்த்து 'சூப்பர்' போட்டுவிடாதீர்கள். பெண் வீட்டார் ஒருவர், மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் என்று இருவரும் உரக்க வாசித்துச் சரி சொல்ல வேண்டும். 'ர'வும் 'ற'வும் மாறியிருந்தால் சம்பந்திச் சண்டைக்கு அதுவே போதும். எழுத்துகள் ஓரத்திலிருந்து அரை சென்டிமீட்டர் உள்ளே இருக்கட்டும், பிரிண்டர் ஓரத்தைக் கொஞ்சம் தின்னும். நான்குக்கு ஆறு தாளுக்கு டிசைன் 1200-க்கு 1800 பிக்சல், பட்டைக்கு 600-க்கு 1800.

கையில் பிடிக்கிற சாமான்கள்

வாடகைப் பெட்டியில் வருகிற ஆங்கில வாசக அட்டைகளை ஒதுக்கி வையுங்கள். ஆச்சி அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்பார். 'பாயசம் ரெண்டு கப்', 'மாப்ள எனக்க கூட்டுக்காரன்', 'மொய் எழுதியாச்சு' மாதிரி நாலு வரியை ஊர்ப் பேச்சிலேயே எழுதி அட்டையில் ஒட்டினால் அடிதடிதான். சுளவு, பனையோலைத் தொப்பி, ஒரு சீப்பு மட்டிப்பழம், பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ என்று வீட்டிலேயே கிடைப்பதை வையுங்கள். மட்டிப்பழத்தை இரண்டு சீப்பாக வைக்க வேண்டும், ஒன்று எப்படியும் தின்று தீரும். பொய் முடி வேண்டவே வேண்டாம். நூறு தலை மாறுகிற சாமான், பேன் பார்க்க யாராலும் முடியாது. கண்ணாடிகளைத் துடைக்க ஒரு ஈரத் துணி பக்கத்தில் இருக்கட்டும்.

வரிசையை யார் பார்ப்பது

பூத்துக்காரர் மெஷினைப் பார்ப்பார், சொந்தக்காரர்களை அவருக்குத் தெரியாது. நம் பக்கத்தில் வாய் துடுக்கான ஒரு அக்காவோ தம்பியோ பூத்தருகே நிற்க வேண்டும். "பாட்டா, வாருங்க, ஒரு நிமிசம்தான்" என்று கையைப் பிடித்துக் கூட்டி வருகிற ஆள். என் தங்கை கல்யாணத்தில் எங்கள் பாட்டாவை அப்படித்தான் கூட்டி வந்தார்கள். கேமராவைப் பார்க்கவே இல்லை, மூன்று படத்திலும் பக்கத்தில் நின்ற ஆச்சியைத்தான் பார்த்திருக்கிறார். ஆச்சி அந்தப் பட்டையை இரண்டாக மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார். மடிக்காதீர்கள் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. முதியவர்களுக்கு ஒரு நாற்காலி, குழந்தைகளுக்கு ஒரு முக்காலி திரை ஓரத்தில் கிடக்கட்டும்.

ஆல்பம் வைப்பதாக இருந்தால் பட்டையில் ஒன்று வந்தவர்களுக்கு, மற்றொன்று ஆல்பத்துக்கு. தடித்த தாள் ஆல்பம் ஒன்று, இரட்டைப் பக்க டேப், மார்க்கர் பேனா இரண்டை மேசையில் வையுங்கள். ஒட்டி, பக்கத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். இதற்கென்று தனியாக ஒரு பிள்ளையை உட்கார வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

சர்ச், நிக்காஹ், கடற்கரை

திருமணம் ஆலயத்தில், விருந்து பாரிஷ் ஹாலில் என்றால் பூத் ஹாலில்தான். ஆலய முற்றத்தில் வைக்க ஆசைப்பட்டால் பங்குத்தந்தையிடமோ போதகரிடமோ முன்னாலேயே கேளுங்கள். நிக்காஹ் வீடுகளில் பெண்கள் பகுதிக்கு வைக்கிறீர்கள் என்றால் பெண் ஆபரேட்டர் வேண்டும், திரை மூன்று பக்கமும் மறைக்க வேண்டும். படம் அச்சில் மட்டும் போகட்டும், க்யூஆர் கோடும் வேண்டாம், கோப்பு பூத்துக்காரர் கையிலும் இருக்க வேண்டாம் என்று சில வீட்டார் சொல்வார்கள். மெமரி கார்டை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம், முன்னதாகப் பேசியிருந்தால் யாருக்கும் வருத்தமில்லை.

முட்டம், சொத்தவிளைப் பக்கம் கடற்கரை ரிசார்ட்டில் மாலை விருந்து வைக்கிறவர்கள் காற்றை மறந்துவிடுகிறார்கள். முப்பந்தலில் காற்றாலை வரிசை கட்டி நிற்கிற மாவட்டம் இது. எட்டடித் துணி என்பது கப்பல் பாய்தான். திரை ஸ்டாண்டின் ஒவ்வொரு காலிலும் நிறைந்த 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றைக் கட்டுங்கள், இருபது கிலோ மணல் மூட்டைக்குச் சமம். கட்டடத்தின் மறைவு கிடைத்தால் அதுவே நல்லது. அஸ்தமனம் திரைக்குப் பின்னால் வராமல் திசை பாருங்கள். உப்புக் காற்று லென்ஸில் படியும், அரை மணிக்கொருமுறை துடைக்க வேண்டும். இரண்டு பருவமழையும் நம்மை நனைக்கிற ஊர் என்பதால் ஜூனிலும் ஐப்பசியிலும் வெட்டவெளி வேண்டாம். மழைக்கு மாற்று இடத்தையும் சேர்த்தே பேசிவிடுங்கள்.

முடிக்கும்போது

கடைசி அரை மணி நேரத்தில் மணமக்களைக் கூட்டி வாருங்கள். அதுவரை அவர்களுக்கு மேடையை விட்டு இறங்க முடியாது. சமையல்காரர்கள், பந்தி விளம்பிய பையன்கள், பந்தல்காரர், எலக்ட்ரீஷியன் எல்லாரையும் அப்போதே நிறுத்தி ஒன்று எடுங்கள். ரோலில் மீதித் தாள் எப்படியும் இருக்கும்.

பூத்துக்காரர் லேப்டாப்பை மூடுவதற்கு முன் எல்லாக் கோப்புகளையும் நம் பென் டிரைவில் ஏற்றி, இரண்டு மூன்றைத் திறந்து பாருங்கள். போன் எண் கொடுத்தவர்களின் பட்டியலை விளம்பரத்துக்குப் பயன்படுத்தாமல் அழிக்கச் சொல்லுங்கள். குழந்தைகள் படத்தைப் பூத்துக்காரர் தன் இணையப் பக்கத்தில் போட வேண்டுமென்றால் பெற்றோரைக் கேட்டுத்தான் போட வேண்டும். மண்டபச் சுவரில் ஒட்டிய டேப்பை மெதுவாக உரியுங்கள், பெயின்ட் வந்தால் முன்பணத்தில் பிடிப்பார்கள். பூத்துக்காரருக்கு மீதிப் பணத்தை இதெல்லாம் முடிந்த அப்புறம் கொடுங்கள்.

ஆல்பத்தை மட்டும் பரிசுப் பொருள் மூட்டையில் போட்டுவிடாதீர்கள், மறுவீடு முடிந்துதான் கண்ணில் படும். அன்று சாயங்காலமே பெண்ணின் அம்மா கையில் கொடுங்கள்.